ஊர்ப்பருந்து

தமிழ்ப் புதுக்கவிதையின் வானத்தில் ஒரு பறவை ஓயாமல் பறந்துகொண்டிருக்கிறது: கழுகு. உச்சியில் தனித்து அமர்ந்திருப்பது அது. சமரசத்துக்கு இசையாதது அது. கீழே நடக்கும் சந்தை இரைச்சலை அலட்சியமாகப் பார்ப்பதும் அதுவே. இதை எழுதியவர்களில் எத்தனை பேர் கழுகைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்பது அநாகரிகம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். படிமத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கக் கூடாதுதான். ஆனால் இந்தப் பறவை எந்த மரத்திலிருந்து எழுந்து வந்தது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ரோமானியப் படைகளின் கம்பத்தில் உட்கார்ந்திருந்தது. நெப்போலியனின் கொடிக்குப் போயிற்று. அமெரிக்க நாணயத்தில் ஏறியது. ஆங்கிலப் பாடத்தொகுப்புகள் வழியாக நம் கல்லூரி வகுப்புகளுக்கு வந்து, அங்கிருந்து நம் வரிகளுக்குள் இறங்கிவிட்டது. அதன் இரை எது, கூடு எது, எந்த மாதத்தில் முட்டையிடும் என்ற கேள்விகளுக்கு அந்தக் கவிதைகளில் பதில் கிடையாது. அது எதையும் தின்பதில்லை. அதனால்தான் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

நம் தலைக்கு மேல் நிஜமாகவே பறப்பது பருந்து. மங்கிய பழுப்பு, நடுவில் லேசாகப் பிளந்த வால், உடம்பின் கம்பீரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத, நடுங்கி இழுபடும் ஒரு சீழ்க்கைக் குரல். புத்தகங்களில் கரும்பருந்து, ஊர்ப் பேச்சில் கள்ளப்பருந்து. அது தின்னாதது எதுவும் இல்லை. நம் பழைய கவிகள் இதை அறிந்திருந்தார்கள். சங்கப் பாலைப் பாடல்களில் வரும் பருந்தும் எருவையும் வெயிலில் காய்ந்த கிளையில் உட்கார்ந்து, வழியில் விழுந்தவனுக்காகக் காத்திருக்கின்றன. பரணி பாடியவருக்குப் போர்க்களம் முடிந்த பின் யார் யார் வருவார்கள் என்று தெரியும். அந்தப் பறவைக்குப் பசி இருந்தது. பசி உள்ள பறவையை விட்டுவிட்டுப் பசி இல்லாத பறவையை நாம் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது பறவையியல் கேள்வி மட்டும் அல்ல.

*

நான் இருப்பது சிவகிரியில். ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே, மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்கு மலையின் அடியில் இருக்கும் ஊர். முன்பு ஜமீன். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்த பிறகு அதன் வடபகுதித் தாலுகாக்களில் ஒன்று. நிர்வாகக் கணக்கில் பேரூராட்சி. நகரம் என்று சொன்னால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் நகரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு மனிதனின் கணக்கு வேறு, பருந்தின் கணக்கு வேறு. ஆடு அறுத்த பின் மிஞ்சுவதை எறிய ஓர் இடமும், மனிதன் ஏறாத உயரத்தில் ஒரு கம்பமும் எங்கே சேர்ந்து கிடைக்கின்றனவோ அங்கே பருந்துக்கு நகரம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் சிவகிரி எப்போதோ நகரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கறிக்கடைகளுக்கு மேலே நான்கைந்து பருந்துகள் வட்டமிடத் தொடங்கும். அவற்றுக்குக் கிழமை தெரியும் என்று கடைக்காரர் சொல்கிறார். கிழமை தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆட்டைக் கம்பத்தில் கட்டுவது மேலிருந்தே தெரியும், கூட்டம் கூடுவதும் தெரியும். அவர் ஜவ்வையும் கொழுப்புத் துணுக்கையும் ஒரு பக்கமாகச் சேர்த்துவைத்து, கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது மேலே எறிவார். பருந்து அலகால் பிடிப்பதில்லை. காலால் பிடித்து, பறந்தபடியே காலை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்னும். உட்கார்ந்து சாப்பிட அதற்கு நேரம் இல்லை. உட்கார்ந்தால் காக்கை வாலைப் பிடித்து இழுக்கும். “நான் பிந்தினாலும் அது பிந்தாது அண்ணாச்சி. கூலி வாங்காத ஆளுல்லா அது” என்றார் ஒரு நாள். கூலி வாங்காமல் இல்லை, பொருளாக வாங்குகிறது என்றேன். “அது நம்ம அய்யா காலத்து வழக்கம்லா” என்று சிரித்தார்.

புரட்டாசியில் கறி வியாபாரம் படுத்துவிடும். அந்த மாதம் கடைத்தெருவின் மேல் வானம் ஏறக்குறையக் காலியாக இருக்கும். முதலில் பார்த்தபோது, பட்டினி தாங்காமல் வேறு ஊருக்குப் போயிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஊருக்குக் கிழக்கே குளத்துப் பற்றில் பிசானத்துக்கு உழவு ஓடத் தொடங்கினால், டிராக்டருக்குப் பின்னால் கொக்குகளோடு கொக்குகளாகப் பருந்துகளைப் பார்க்கலாம். சேற்றிலிருந்து தவளை, நண்டு, வளை இடிந்து வெளியே ஓடும் எலி எல்லாம் கிடைக்கின்றன. கறிக்கடையிலிருந்து வயலுக்கு மாறுவதில் அதற்கு எந்த மனச்சங்கடமும் இல்லை. தகவமைதல் என்று நாம் பெரிய சொல்லாகச் சொல்வது இதுதான்: ஒன்றையே நம்பி இராதது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரம் இருக்கிறது. மூன்று வருஷமாக ஒரு ஜோடி அதில் கூடு கட்டுகிறது. பக்கத்திலேயே பெரிய வேப்பமரம் இருந்தும் கோபுரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. கூட்டில் குச்சிகளோடு கட்டுக்கம்பி, சாக்குக் கிழிசல், கொடைக்குக் கட்டிய தோரணத்தின் மிச்சம், வெள்ளை பாலிதீன். இந்த வெள்ளை பாலிதீனைக் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பெயினில் தோன்யானா பகுதியில் இதே இனப் பருந்துகளை வருஷக்கணக்காகப் பார்த்தவர்கள் 2011-ல் எழுதினார்கள்: கூட்டில் வெள்ளை பிளாஸ்டிக்கை நிறைய விரித்துவைப்பவை வலுவான பருந்துகள், நல்ல இடமும் நிறையக் குஞ்சுகளும் அவற்றுக்கே, அந்த வெள்ளையைப் பார்த்து மற்றப் பருந்துகள் ஒதுங்கிப் போகின்றன. பலமில்லாத பருந்தின் கூட்டில் ஆய்வாளர்கள் தாங்களே வெள்ளை பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைத்தபோது, அது அதை எடுத்து வெளியே எறிந்துவிட்டதாம். தன் சக்திக்கு மீறிய விளம்பரம் ஆபத்து என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இதை எழுத்தாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

*

பருந்து நகரத்தில் எவ்வளவு தூரம் ஊறிப்போக முடியும் என்பதற்குத் தில்லி சாட்சி. சோவியத் பறவையியலாளர் கலுஷின் தில்லியின் இரைகொல்லிப் பறவைகளைக் கணக்கெடுத்து 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 150 சதுர கிலோமீட்டரில் பருந்து மட்டும் ஏறக்குறைய 2,400 ஜோடி. அதாவது சதுர கிலோமீட்டருக்கு 16. உலகில் வேறெங்கும் இரைகொல்லிகள் இவ்வளவு நெருக்கமாகக் கூடு கட்டியதாகத் தெரிந்திருக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து இந்திய ஆய்வாளர்கள் மறுபடியும் எண்ணியபோது பருந்தின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. இதற்கிடையில் நகரம் எத்தனை மடங்கு பெருத்துவிட்டது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

காரணங்கள் மூன்று. குப்பை திறந்து கிடக்கிறது. சாலையோரங்களில் பெரிய மரங்கள் நிற்கின்றன. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பழைய தில்லியில் முஸ்லிம்கள் பருந்துக்கு இறைச்சித் துண்டுகளை மேலே எறிவதைத் தர்மமாக வைத்திருக்கிறார்கள். துன்பம் தீர, வேண்டுதல் பலிக்க. இந்த வழக்கம் இருக்கும் தெருக்களுக்குப் பக்கத்தில் கூடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. குளிர்காலத்தில் இன்னொரு கூட்டமும் வந்து சேர்கிறது: கஜகஸ்தான், தென்சைபீரியா, மங்கோலியா பக்கங்களில் முட்டையிடும் பருந்துகள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, உலகின் மிக உயர்ந்த மலைகளைக் கடந்து, தில்லியின் குப்பைமேடுகளுக்கு வருகின்றன. புனித யாத்திரைக்கு வேண்டிய உழைப்பு எல்லாம் இருக்கிறது. போய்ச் சேரும் இடம்தான் காஜிப்பூர்க் குப்பைமலை.

அதே ஆய்வுகளில் இன்னொரு செய்தி. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் பருந்து மனிதனைத் தாக்கும். எந்தப் பகுதிப் பருந்துகள் அதிகமாகத் தாக்குகின்றன என்று பார்த்தால், மனிதன் உணவு எறியும் பகுதிகளில் இருப்பவையே. ஊட்டும் கையைத்தான் கீறுகிறது. நன்றிகெட்டதனம் என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனை மிக நெருங்கிப் பார்த்த பறவைக்கு அவனிடம் பயம் போய்விடுகிறது. பயம் போன இடத்தில் மரியாதை வர வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. பருந்து அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

ஷௌனக் சென் எடுத்து 2022-ல் வெளிவந்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்ற ஆவணப்படம் தில்லியில் காயம்பட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் இரு சகோதரர்களைப் பற்றியது. அவர்கள் இந்த வேலைக்கு வந்த காரணத்தை மறக்க முடியவில்லை. இளம் வயதில் அடிபட்ட பருந்தை ஒரு தர்மப் பறவை மருத்துவமனைக்கு எடுத்துப் போனபோது, அது மாமிசம் தின்னும் பறவை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புறாவுக்கும் கிளிக்கும் அங்கே கட்டில் உண்டு. அந்தப் படத்தில் வரும் பருந்துகளில் பெரும்பாலானவை காற்றாடி நூலில் அறுபட்டவை. கண்ணாடித் தூள் தோய்த்த மாஞ்சா நூல் பறவையின் கண்ணுக்குத் தெரியாது; இறகையும் தசையையும் எலும்புவரை அறுத்துவிடும். சென்னையில் அதே நூல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் கழுத்தை அறுத்துச் சிலர் இறந்த பிறகுதான் தடை வந்தது. நகரம் பருந்துக்கு உணவைத் திறந்துவைத்திருக்கிறது; வானத்தை அல்ல.

*

மாமிசம் தின்பது என்று திருப்பி அனுப்பிய அந்தச் சம்பவத்தை வடநாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம்மிடமும் பறவைகளுக்கு வருணம் இருக்கிறது. சிவகிரியில் பறக்கும் பருந்து இரண்டு வகை. ஒன்று நான் இதுவரை சொன்ன கள்ளப்பருந்து. மற்றது செம்பருந்து: உடம்பு காவிச் சிவப்பு, தலையும் மார்பும் வெள்ளை. அதுதான் கருடன், இந்தப் பக்கம் சிலர் கிருஷ்ணப்பருந்து என்பார்கள். ஆ. மாதவன் தன் நாவலுக்கு வைத்த பெயர். கோயில் குடமுழுக்கில் கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்துக்குக் கூட்டம் முழுவதும் அண்ணாந்து நிற்பது இதற்காக. அது வந்து ஒரு சுற்று சுற்றினால்தான் சடங்கு பூர்த்தி. ஒலிபெருக்கியில் அறிவிப்பு, கன்னத்தில் போட்டுக்கொள்ளல், சிலர் கண்ணில் நீர்.

இந்தக் கருடன் என்ன தின்கிறது? மீன் சந்தையில் செத்த மீன், குளத்தங்கரையில் நண்டு, தவளை, கோழிக்குஞ்சு, குப்பையில் கிடக்கும் குடல். கள்ளப்பருந்து தின்கிற அதே பந்தி, அடுத்தடுத்த இலை. காசிமேட்டில் மீன் இறங்கும் நேரத்தில் இரண்டும் ஒரே இரைக்குச் சண்டையிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று தெய்வம், ஒன்று திருடன். வித்தியாசம் நிறத்தில் இருக்கிறது, தொழிலில் இல்லை. குடமுழுக்கு வானத்தில் எப்போதாவது தவறிப்போய்க் கள்ளப்பருந்து சுற்றினால் கூட்டம் கையைத் தாழ்த்திவிடும். அதுவும் அதே காற்றில், அதே வட்டத்தைத்தான் போடுகிறது.

கரிசல் பக்கத்திலிருந்து இதற்கு ஒரு பதில் வந்திருக்கிறது. சோ. தர்மனின் ‘கூகை’ 2005-ல் வெளிவந்தது. இரவில் வலிமை உடையது, பகலில் சிறு பறவைகளெல்லாம் சேர்ந்து துரத்தக்கூடியது, முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்று ஒதுக்கப்படுவது. தலித் வாழ்க்கைக்கு அந்தப் பறவையைக் குறியீடாக அவர் எடுத்துக்கொண்டபோது அதன் உணவையும் இருட்டையும் அவமானத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்த ஒருவருக்குக் கூகை வெளிநாட்டு நாணயத்திலிருந்து வர வேண்டிய தேவை இருக்கவில்லை. கூகையும் நகரத்துக்குப் பழகிய பறவைதான். கோபுரப் பொந்திலும் பாழடைந்த ஜமீன் கட்டிடங்களிலும் நெல் கிட்டங்கியின் உத்தரத்திலும் குடியிருந்து, நெல்லைத் தின்னும் எலியைத் தின்று, அந்த உபகாரத்துக்குக் கல்லடி வாங்குகிறது.

*

தகவமைந்து பிழைத்ததைப் பற்றி மட்டும் பேசினால், பிழைப்பது ஒரு குணநலன் என்ற எண்ணம் வந்துவிடும். பிழைக்காதவற்றையும் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டுக்குத் தென்கிழக்கே திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீசுவரர் கோயில். அங்கே மத்தியான வேளையில் இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரம் தட்டில் வைக்கும் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். ஊருக்கே அதனால்தான் பெயர். காசியில் குளித்து ராமேசுவரத்தில் படுக்கும் ரிஷிகள் என்பது ஐதிகம். அது மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னி வகை. மனிதன் கையிலிருந்து இரை வாங்கும் அளவுக்கு, நேரம் தவறாமல் வரும் அளவுக்கு அது பழகியிருந்தது. தகவமைதலுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். 1990-களின் இறுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. தட்டு இருக்கிறது, பாறை இருக்கிறது, ஐதிகம் இருக்கிறது.

பெரிய பாறுகளின் கதை இன்னும் மோசம். கலுஷின் எண்ணிய காலத்தில் தில்லிச் சாலை மரங்களில் பருந்துகளுக்கு அடுத்தபடியாகக் கூடு கட்டியிருந்தவை வெண்முதுகுப் பாறுகள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. காரணம் 2004-ல் தெரிய வந்தது: மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற ஊசிமருந்து. மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்றால் பாறின் சிறுநீரகம் கெட்டு இரண்டொரு நாளில் செத்துவிடும். ஒரு மாட்டில் பல பாறுகள் சேர்ந்து உண்பவை. ஆகவே நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக விஷம் இருந்தாலே இனம் முழுவதும் சரிவதற்குப் போதும். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே முட்டை இடுவது. சரிந்ததை நிரப்ப வழியில்லை. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகள் கொஞ்சம் மட்டும், மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் ஒண்டியிருக்கின்றன.

என் பெரியப்பாவுக்கு அவை நன்றாக நினைவிருந்தன. ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் செத்த மாட்டை இழுத்துப் போட்டால், வானத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத இடத்திலிருந்து அரைமணி நேரத்தில் முப்பது நாற்பது இறங்கும் என்பார். சாயங்காலத்துக்குள் எலும்பு மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். கடைசி வருஷங்களில் திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்டதுண்டு: “ஏல, அதெல்லாம் எங்கல போச்சு? இப்பம் மாடு செத்தா நாய்தாம்ல வருது.” டைக்ளோஃபெனாக் பற்றி நான் விளக்கினேன். மாட்டுக்கு வலி போகப் போட்ட ஊசியா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு என்னிடம் விளக்கம் கிடையாது. தானும் தன் மாட்டுக்கு வலி போக ஊசி போட்டவர் அவர். அது கருணையிலிருந்து செய்தது.

பாறும் பருந்தும் ஒரே தொழில் செய்தவை. இரண்டும் நம் மிச்சத்தைத் தின்றவை, நம்மை நெருங்கி இருந்தவை. ஒன்று முழுப் பிணத்தை நம்பியிருந்தது, கூட்டமாக உண்டது, மெதுவாகப் பெருகியது. மற்றது துணுக்கை நம்பியிருந்தது, தனித்தனியாகத் தட்டிப் பறித்தது, இரண்டு மூன்று முட்டை இட்டது. எந்த விஷம் எப்போது வரும் என்று இரண்டுக்குமே தெரியாது. பருந்தை உயர்த்திப் பாறைத் தாழ்த்த இதில் இடமே இல்லை. இதை நான் சொல்லக் காரணம், நகரத்தில் பிழைத்துக்கொண்டவனைக் கெட்டிக்காரன் என்றும் மற்றவனை உருப்படாதவன் என்றும் பேசுவது நம் குடும்பங்களில் தினசரி நடப்பது.

*

நகரத்துக்குப் பழகிய இன்னொரு பறவை உண்டு; அதன் வழி வேறு. பொரிவல்லூறு மலைமுகட்டில் வாழ்வது. இலங்கையில் சிகிரியாப் பாறையில் அதன் ஓர் இனம் கூடு கட்டுகிறது. இரைமேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அமெரிக்காவில் டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டையோடு மெலிந்து, நாட்டின் கிழக்குப் பாதியில் அது அடியோடு அற்றுப்போயிருந்தது. 1972-ல் அங்கே அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். கூண்டில் வளர்த்த குஞ்சுகளை வெளியே விட்டார்கள். 1983-ல் நியூயார்க்கின் பாலங்களில் வல்லூறுகள் கூடு கட்டின. இன்று அந்த நகரத்தின் உயரமான கட்டிடங்களில் அவை சாதாரணம். கீழே புறாக்கள் ஏராளம். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வலசை போகும் சிறு பறவைகளையும் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன.

வல்லூறு நகரத்தை எப்படி ஏற்றுக்கொண்டது என்று யோசித்தால் எனக்கு ஒரு வித்தியாசம் புலப்படுகிறது. அதற்கு ஐம்பது மாடிக் கட்டிடம் ஒரு மலைமுகடு. தெரு ஒரு பள்ளத்தாக்கு. புறா பழைய பாறைப் புறாவேதான். நகரத்தில் இருந்தாலும் அது மலையில் இருக்கிறது. அதற்கு நகரம் ஓர் உவமை. பருந்துக்கு அப்படி இல்லை. கறிக்கடை வேறு எதையும் போல இல்லை. கறிக்கடை மாதிரியே இருக்கிறது. பருந்துக்கு நகரம் நகரமே.

நான் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறைகளில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு சிவகிரியிலிருந்து வந்தவர்கள். அவர்களில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வல்லூறு வகை. மொட்டைமாடியைக் களத்துமேடாகவும், மின்விசிறிச் சத்தத்தைப் பனங்காட்டுக் காற்றாகவும், மெஸ் சாம்பாரை அம்மா இல்லாமையாகவும் எழுதினார்கள். நல்ல கவிதைகளும் அதில் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் நகரம் தன் பெயரில் அந்த எழுத்துக்குள் வரவே இல்லை. வந்தபோதெல்லாம் கிராமம் அல்லாத ஒன்றாகவே வந்தது. அங்கே பிழைப்பது எப்படி நடக்கிறது, எந்த மிச்சத்தைத் தின்று நடக்கிறது, யார் எறிகிறார்கள், எறிபவனைக் கீற வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது, இவை எழுதப்படவில்லை. உச்சியில் அமர்ந்த கழுகு இந்த இடத்தில்தான் வசதியாக வந்து உட்கார்ந்தது. பிழைப்பை எழுத வெட்கமாக இருக்கும் இடத்தில் பசியில்லாத பறவை தேவைப்படுகிறது.

*

ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்பது பழமொழி. எளியவனை அவன் இடத்தில் உட்காரவைக்கச் சொன்னது. இன்று ஊர்க்குருவியைத் தேட வேண்டியிருக்கிறது. பருந்துதான் ஊர்க்குருவி ஆகிவிட்டது. பழமொழி இதை எதிர்பார்க்கவில்லை.

இதுவும் நிரந்தரம் இல்லை. ஐரோப்பாவின் மத்திய காலத்தில் லண்டன் தெருக்களில் பருந்துகள் நிறைந்திருந்தன. குப்பையைத் தின்று நகரத்தைச் சுத்தம் செய்கின்றன என்று அவற்றைக் கொல்லாமல் காத்தார்கள். தெருக்கள் சுத்தமாயின, பருந்து தேவையற்றது ஆயிற்று, பிறகு பகையாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் லண்டனில் அது இல்லை. இருநூறு வருஷம் கழித்து, 1989-லிருந்து, ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கிலாந்தில் விட்டார்கள். இப்போது ரெடிங் நகரத்தில் ஜனங்கள் வீட்டுத் தோட்டத்தில் கோழித்துண்டு வைத்து அதற்குக் காத்திருக்கிறார்கள். கொடுப்பதற்கு மிச்சம் இல்லாதபோது, கொடுப்பதற்காகவே வாங்குகிறார்கள்.

சிவகிரியிலும் குப்பையை வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், நானும் இரண்டு வாளி வைத்திருக்கிறேன். ஒரு நாள் இந்த ஊர் சுத்தமாகிவிடலாம். பருந்து தகவமைந்திருப்பது நகரத்துக்கு என்று சொல்வது சரியான பேச்சு அல்ல, நம் ஒழுங்கின்மைக்குத்தான். நாம் திருந்தினால் அதற்கு வேலை போய்விடும். திருந்தக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் திருந்துவதன் கணக்கில் இன்னொருவர் சோறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை, மாட்டு ஊசிக்குப் பிறகாவது, நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சாரல் விட்டு வானம் தெளிந்த காலைகளில் மேற்கே மலைச்சரிவில் கருங்கழுகு பறப்பது ஊரிலிருந்தே தெரியும். காட்டு மரங்களின் தலையை உரசுவதுபோல மிக மெதுவாக, பறவைக் கூடுகளில் முட்டையும் குஞ்சும் தேடிக்கொண்டு போகும். நிஜமான கழுகு அதுதான். அது ஒரு நாளும் சாலையைத் தாண்டி ஊருக்குள் வந்ததில்லை. காடு உள்ளவரை அது இருக்கும். காடு போனால் அதற்குக் கறிக்கடை தெரியாது. அதை எழுத விரும்புகிறவர்கள் மலை ஏறிப் போய், அது என்ன தின்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம். எனக்கு முழங்கால் வலி. கோபுரத்துக் கூட்டில் இந்த மாசியில் இரண்டு குஞ்சுகள். ஒன்று மற்றதைவிடச் சிறியது. பெரியது தின்று தீர்த்த பிறகுதான் அதற்குக் கிடைக்கிறது. அது பறக்குமா என்று பார்க்க வேண்டும்.